சொன்னபடியே தண்ணீர் விட்டவர்

பதுளையில் வேலை பார்த்த காலத்தில் நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தவர் ஒருவர்தான். என் பேச்சைக் கேட்டதால் எல்லாரையும்விட அதிகமாக இழந்தவரும் அவர்தான்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. விவசாயப் போதனாசிரியையாக முதல் நியமனமே பதுளை மாவட்டத்துக்கு வந்தது. கணவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். மூன்று வருடம் மலையில் கழித்துவிட்டு ஊருக்கு மாற்றம் கேட்பது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். அதுவரை பதுளை நகரத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி வீட்டு மேல்மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி ஊருக்குப் போய் வந்தேன்.

எனக்குக் கொடுத்த பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. பசறையைத் தாண்டி மொனராகலைப் பக்கம் சரிந்து இறங்கும் மலையில், மேல் பிரிவில் தேயிலை பச்சையாக நிற்கும். கீழ்ப் பிரிவில் அது எப்போதோ செத்துப்போய், மானாப்புல் முளைத்துவிட்டது. அந்தக் கீழ் நிலத்தைத் தோட்ட நிர்வாகம் துண்டு துண்டாகப் பிரித்துத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பயிர் செய்யக் கொடுத்திருந்தது. ஒன்பது குடும்பங்கள் அதில் தேசி, அதாவது எலுமிச்சை, மரம் வைத்திருந்தன. நான் போன நேரம் மரங்களுக்கு ஐந்து வயது.

மரங்களில் குறையில்லை. சித்திரை மழையோடு நன்றாகப் பூத்தன, பட்டாணி அளவில் பிஞ்சும் பிடித்தன. பிறகு ஆனியில் காற்று தொடங்கும். மலைக்கு அந்தப் பக்கம் மழையையெல்லாம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் வறட்சியாக இறங்கி வருகிற காற்று. ஆவணி முடியும் வரை மண்ணையும் இலையையும் உலர்த்திக்கொண்டே இருக்கும். பிஞ்சுகள் மரத்தடியில் உதிர்ந்து காலடியில் நெரிபடும். காயாகிப் பறிப்பதற்கு ஏதோ கொஞ்சம் மிஞ்சும். அந்த மூன்று மாதத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்பது யாருக்கும் தெரியும். தண்ணீரும் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே பாறை இடுக்கிலிருந்து வரும் ஊற்றைப் பீலிக் குழாய் வைத்து இறக்கியிருந்தார்கள். லயத்து ஆட்கள் குடிக்க, குளிக்க, துணி துவைக்க எடுத்தது போக, மிச்சம் வடிகானில் ஓடிப் பள்ளத்துக்குப் போனது.

அந்த மிச்சத் தண்ணீரைப் பிடிக்க ஒரு சீமெந்துத் தண்ணீர்த் தாங்கி கட்டினோம். ஒரு திட்டத்தின் கீழ் சொட்டு நீர்க் குழாய்களும் வந்தன. குழாய் போட்ட அன்று ஒன்பது குடும்பத்துக்கும் நானே தட்டச்சு செய்த ஒரு தாளைக் கொடுத்தேன். குழாயை அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் போடவும். தினமும் காலையில் அரை மணி நேரம் திறக்கவும். இந்த இரண்டும்தான் அதில் முக்கியம். பயிற்சி வகுப்பு ஒன்றில் கிடைத்த குறிப்பிலிருந்து அப்படியே எடுத்தவை.

நான் முதலில் சொன்னவர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒல்லியான உடம்பு, சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருப்பார்.

"அரை மணின்னா, டேங்கி கேட் வால்வைத் தொறந்ததுலருந்தா மிஸ்? இல்ல, கடைசி மரத்துல சொட்ட ஆரம்பிச்சதுலருந்தா?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "கடைசி மரத்திலை சொட்டத் தொடங்கினதிலை இருந்து வையுங்கோ அண்ணை" என்றேன்.

"சரிங்க."

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருந்தவராம். எத்தனை மணிக்குக் காற்றாடியைப் போடுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதிலேயே ஆயுசு போனது என்று பிறகு ஒருநாள் சொன்னார். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தேயிலை கெட்டுப்போகும். ஆகவே அவருக்கு நேரம் என்றால் நேரம். அவருடைய துண்டில் பத்தொன்பது மரங்கள். தண்ணீர் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் சமையலறைச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தார். நான் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைக் காட்டுவார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

முதல் காற்றுக்காலத்தில் பிஞ்சு நின்றது. எல்லாத் துண்டுகளிலும் நின்றது, அவருடையதில் கொஞ்சம் கூடுதலாக. நான் அவருடைய மரங்களைப் படம் எடுத்து அலுவலகக் கூட்டத்தில் காட்டினேன். சொல்வதைக் கேட்கும் விவசாயி இப்படி இருப்பார் என்று பெருமையாகப் பேசினேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஐப்பசியில் மழை வந்தது. மழைக்காலம் முடிந்து மாசி மாத வெயிலில் நான் திரும்பப் போனபோது, அவருடைய மரங்களில் இலை மஞ்சளித்திருந்தது. நரம்போரத்தில் தொடங்கி இலை முழுக்கப் பரவும் மஞ்சள்.

"பட்டினி கெடக்குற மாதிரி தெரியுதுங்க" என்றார்.

நானும் பார்த்தேன். மேல் மண் காய்ந்திருந்தது. "தண்ணி போதாது போல. ஒரு பத்து நிமிசம் கூட்டி விடுங்கோ" என்றேன்.

பத்து நிமிடம் கூட்டினார். அன்றிலிருந்து சுவரில் கோடு ஒவ்வொன்றும் சற்று நீளமாக இருந்தது.

சித்திரை கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டார். அதுவரை அவர் என்னை ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை. "மிஸ், மரத்துலருந்து பிசின் வடியுது. நேரம் கெடைச்சா ஒரு தரம் வந்து பாருங்க" என்றார். குரலில் பதற்றம் இல்லை.

அடுத்த நாள் காலை போனேன். அடிமரத்தில், மண்ணுக்கு ஒரு சாண் உயரத்துக்குள், பட்டை வெடித்துத் தேன் நிறத்தில் பிசின் திரண்டு நின்றது. ஒரு மரத்தோடு நிற்கவில்லை. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். பதினைந்து மரங்களில் இருந்தது. கத்தி முனையால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே மண்ணிறமாக அழுகிப் புளித்த வாடை அடித்தது. அவர் பின்னாலேயே வந்தார். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. மற்றத் துண்டுகளையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வேலியைத் தாண்டினேன்.

பக்கத்துத் துண்டு ஓர் அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர். புருஷன் இல்லை. மேல் பிரிவில் இன்னும் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய மரங்கள் கறுத்த பச்சையில் நின்றன. கிளைக்குக் கிளை பிஞ்சு. அடிமரம் சுத்தமாக, காய்ந்து இருந்தது.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. "அக்கா, நீங்கள் எப்பிடித் தண்ணி விடுறீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாதிரித்தான் மிஸ். வெடியக்காலைல அரை மணி."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஆமாங்க, ஒவ்வொரு நாளும்."

நான் குழாயைப் பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி நான் போட்டுக் கொடுத்த வளையம் இல்லை. குழாய் அவிழ்ந்து, கிளைகளின் நுனி முடியும் இடத்துக்கு நேர்கீழே புல்லுக்குள் கிடந்தது. அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"ஏசாதீங்க மிஸ்" என்றார். "புல்லு வெட்டுறப்போ பைப்பு கத்தில மாட்டுது. அதான் இழுத்துத் தூரப் போட்டேன். திருப்பிப் போடணும் போடணும்னு இருந்தேன், போடலை."

"தண்ணி?"

"காலைல பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போகவே நேரம் சரியா இருக்கு. ஞாயித்துக்கெழமைதான் தொறந்து விடுறது. தொறந்துட்டுத் துணி தொவைக்கப் போயிருவேன். தொவைச்சுக் காயப்போட்டு வந்துதான் அடைக்கிறது. மூணு மணி, நாலு மணி ஆகும். உங்கக்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

நான் ஏசவில்லை. அவரிடம் மண்வெட்டியை வாங்கி, குழாய் கிடந்த இடத்தில் தோண்டினேன். முழங்கை ஆழத்துக்குப் போனபோதும் மண் ஈரமாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அதற்குள் நூல்நூலாக வெள்ளை வேர்கள். பிறகு அடிமரத்துக்குப் பக்கத்தில் தோண்டினேன். அங்கே விரல் பருமனான வேர்கள் மட்டுமே இருந்தன. தண்ணீர் குடிக்கிற வேர் அங்கே இல்லை. வளர்ந்த மரம் தன் வாயைக் கிளை நுனிக்கு நேர்கீழே கொண்டுபோய்விட்டது. நான் கழுத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவும் தினமும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் களிமண்ணில்.

அவரிடம் எதுவும் சொல்லாமலே அறைக்குத் திரும்பியதும் பழைய பயிற்சிக் குறிப்பைத் தேடி எடுத்தேன். தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில், நட்டு இரண்டு வருடம் வரையான கன்றுகளுக்கு என்று இருந்தது. நான் அந்த வரியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்திருக்கிறேன். மணல் கலந்த நிலத்துக்கு என்பதும் அதில் இருந்தது. அதையும் விட்டிருக்கிறேன். மற்ற ஏழு குடும்பங்களும் தாளைப் பாதி கேட்டு, பாதி கேட்காமல் விட்டதால் அவர்களுடைய மரங்கள் பெரிதாகக் கெடவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிசின். முழுக்கக் கேட்டவர் அவர் ஒருவர்.

அலுவலகத்தில் என் மேலதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர். பூஞ்சண நோய் என்று அறிக்கை எழுதச் சொன்னார். "அது பொய் இல்லையே. நோய்தானே மரத்தைக் கொல்லுகிறது" என்றார். பொய் இல்லைதான். அப்படியே எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அதே வாரத்தில் மாற்றல் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கே. ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கணவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மரங்கள் அழுகுவதை முன்பே சொல்லியிருந்தேன்; நான் சும்மா இருந்ததைக் கவனித்துவிட்டார்.

"ஏனப்பா, கதைக்கிறீர் இல்லை?"

"எனக்கு இஞ்சை ஒரு வேலை மிச்சம் கிடக்கு. ஒரு காற்றுக்காலம் பார்த்திட்டு வாறன். வருசக் கடைசியிலை வரலாம் எண்டு எழுதிக் கேக்கப்போறன்."

"நீர்தானே மாற்றம் வேணும் எண்டு எழுதினது? இப்ப கிடைச்சிருக்கு. மரம் பட்டுப்போனா அதுக்கு நீர் என்ன செய்யிறது?"

"மரம் தானாப் படேல்லை. நான் சொல்லித்தான் பட்டது."

"அந்தாளுக்குச் சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"முதல்ல அதைச் சொல்லும். பிறகு கடிதத்தை எழுதும்."

அவர் சொன்ன வரிசை சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை போனேன். வழியெல்லாம் வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். வாசலில் அவர் ஒரு குழாயின் அடைப்பை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் அதைத் தொடவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அண்ணை, நான் தந்த தாளிலை பிழை இருக்கு. அது சின்னக் கன்றுகளுக்குச் சொன்னது. வளர்ந்த மரத்துக்கு அடியிலை தண்ணி விடக்கூடாது. தினமும் விடவும் கூடாது. இலை மஞ்சளிச்ச நேரம் இன்னும் கூட்டச் சொன்னதும் பிழை. அதாலைதான் மரம் அழுகினது."

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அப்ப நா செஞ்சது சரிதானா?"

கேள்வி எனக்கு உடனே விளங்கவில்லை. "என்ன அண்ணை?"

"நீங்க சொன்னது தப்பு. சரி. நா செஞ்சது, நீங்க சொன்னபடி சரியா செஞ்சேனா?"

"ஓம். நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள். நான் சொன்னதுதான் பிழை."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். "மாசி மாசத்துலருந்து தேடிக்கிட்டு இருக்கேன் மிஸ். எந்த நாளு தவறவிட்டேன், எத்தினி நிமிசம் கொறைஞ்சது, கேட்டைச் சரியா அடைச்சேனான்னு. ராத்திரியில படுத்தாலும் அதே நெனைப்பு. என் கையில என்னமோ தப்பிருக்குன்னு."

அவருடைய மனைவி உள்ளே போய்விட்டார். அவர் எழுந்து தாங்கிப் பக்கம் நடந்து, தன் துண்டுக்குப் போகும் குழாயின் திருகை இறுக்கி அடைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன்.

அடுத்த வாரம் ஒன்பது குடும்பத்தையும் கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை. அக்காவின் துண்டில் தோண்டிய குழிகளைக் காட்டினேன். தன் சோம்பலைப் பற்றி எல்லார் முன்னும் பேச வேண்டி வந்ததில் அக்காவுக்கு வெட்கம். குழாய்களைக் கிளை நுனிக்குக் கீழே இழுத்துப் போட்டோம். அடிமரத்து மண்ணை விலக்கி, அழுகிய பட்டையைச் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துப் பூசினோம். வெட்டிய மானாப்புல்லை மண்மேல் மூடாக்குப் போட்டோம். வாரத்துக்கு ஒரு தடவை, ஆழமாக, என்று முடிவு செய்தோம். தாளை முழுக்கக் கேட்டவர் மட்டும் அன்று வரவில்லை. பிறகு ஒருநாள் நானும் அக்காவும் போய் அவருடைய மரங்களுக்குப் பூசினோம். கூடவே நின்று வாளியைப் பிடித்தார். நான்கு மரங்கள் பிழைத்தன. மற்றப் பதினைந்தையும் ஒவ்வொன்றாக அவரே வெட்டி விறகாக அடுக்கினார்.

நான் மாற்றலைத் தள்ளிப்போடக் கேட்டு எழுதினேன். கிடைத்தது.

காற்று வருமுன் ஒரு சிக்கல் வந்தது. ஒன்பது துண்டுக்கும் வாரத்துக்கு ஒரு தடவை என்றால், ஒவ்வொருவருக்கும் மூன்று மணி நேரம் முறை வைத்துத் தாங்கியைத் திறக்க வேண்டும். யார் திறப்பது என்பதில் சண்டை. லயத்துப் பீலியில் தண்ணீர் குறைந்தால் நிறுத்தவும் வேண்டும். "அவருதான் அதுக்குச் சரி" என்றார் அக்கா. "நேரத்துல அவரை அசைக்க ஏலாது." எனக்குப் போய்க் கேட்கத் துணிவு இல்லை. அக்காதான் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூட்டத்துக்கு வந்தார்.

"செய்யிறேன். ஆனா மிஸ்ஸுக்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இனிமே இதைச் செய்யுங்க, அதைச் செய்யுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. எதுக்குச் செய்யணும்னும் சேத்துச் சொல்லுங்க. வேரு எங்க இருக்குன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, பிசின் வடியுற வரைக்கும் நா பாத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல."

ஓம் என்று தலையாட்டினேன்.

அந்த ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அவர் தாங்கியில் நின்றார். ஆவணி நடுவில் பீலித் தண்ணீர் மெலிந்தபோது பத்து நாள் முழுதாக நிறுத்தினார். ஒரு குடும்பம் சத்தம் போட்டது. "லயத்துல சோறாக்கத் தண்ணி வேணும். மரம் பத்து நாளு தாங்கும். மூடாக்கைத் தூக்கிப் பாரு, கீழ ஈரம் இருக்கு" என்று அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். மரம் தாங்கியது. அந்த வருடம் எட்டுத் துண்டுகளிலும் கிளை வளையக் காய்த்தது. அக்கா காய் பறிக்க ஹாலிஎலவிலிருந்து தன் தங்கையை வரவழைக்க வேண்டியிருந்தது. அவருடைய துண்டில் அந்த நான்கு மரங்களில் மட்டும் கொஞ்சம் காய்.

எட்டுப் பேரின் சந்தோசத்துக்கு நடுவில் நின்று அவர் திருகைத் திறந்து மூடியதை நான் பல தடவை பார்த்தேன். முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னுடைய மரங்கள் இருந்த வெற்றிடத்தைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் தாங்கிக்குப் போவார்.

ஐப்பசி மழையோடு அவருக்குப் பதினைந்து கன்றுகள் எடுத்துக் கொடுத்தேன். இலவசமாக வாங்க மறுத்தார். தாங்கியில் நின்றதற்குக் கூலியாக மற்றக் குடும்பங்கள் கொண்டுவந்து வைத்த பதியன்களை மட்டும் ஏற்றுக்கொண்டார். என்னுடையவை தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயின. குழி தோண்டாமல் மண்ணைக் குவித்து மேட்டில் நட்டார். தண்ணீர் கழுத்தில் தேங்கக்கூடாது என்பதற்காக அவரே யோசித்துச் செய்தது. அதை நான் சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் புறப்பட்டேன். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வீட்டில் இல்லை, பசறைக்குப் போயிருந்தார். மனைவிதான் இருந்தார். "வந்தா சொல்றேங்க" என்றார்.

இப்போது யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறேன். விவசாயிகளுக்கு எழுதிக் கொடுக்கும் தாள் இரண்டு பக்கமாகிவிட்டது. நீளமாக இருக்கிறது, யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று அலுவலகத்தில் குறை சொல்கிறார்கள். சில பேர் வாசிப்பதில்லைதான். போன ஆடியில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, அவர் மேட்டில் நட்ட கன்றுகளில் இரண்டை முள்ளம்பன்றி தோண்டிவிட்டது, மற்றதெல்லாம் இடுப்பு உயரம் வந்துவிட்டது என்றார். அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வீசுதுங்க" என்றார். "நாளைக்கு எங்க மொறை. காலைல ஆறு மணிக்குன்னு சொல்லியிருக்காரு."